குப்பையிலிருந்து எரிசக்தி: வாவிக்கரை ஊர்களுக்கு எது பாதுகாப்பு?

வீட்டுக் கழிவிலிருந்து எரிசக்தி எடுப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கழிவை உலையில் எரித்து, அந்த வெப்பத்தால் நீராவி உண்டாக்கி மின்பிறப்பாக்கியைச் சுழற்றுவது. மற்றது, ஈரக் கழிவைக் காற்றுப் புகாத கலனில் அழுகவிட்டு, அதிலிருந்து வரும் உயிர்வாயுவை அடுப்பிலோ இயந்திரத்திலோ எரிப்பது. முதல் வழிக்கு இலங்கையில் உள்ள பெரிய உதாரணம் கெரவலப்பிட்டி ஆலை. 2021 பெப்ரவரி 17ஆம் திகதி திறக்கப்பட்ட இந்த ஆலை, கொழும்புப் பகுதியின் குப்பையில் நாளொன்றுக்கு 600 முதல் 700 தொன் வரை எரித்து 10 மெகாவாட் மின்சாரத்தைத் தேசிய மின்கட்டமைப்புக்கு வழங்கும் வகையில் அமைக்கப்பட்டது. இரண்டாவது வழியில் இயங்கும் கலன்கள் நாட்டின் பல பாகங்களிலும் உள்ள பண்ணைகளிலும் வீடுகளிலும் சிறிய அளவில் இருக்கின்றன.

இரண்டு வழிகளிலும் மக்களின் உடல்நலத்துக்கு வரும் ஆபத்து இயந்திரத்தின் நடுவில் இருப்பதைவிட அதன் இரு முனைகளிலேயே அதிகம். உள்ளே போகும் குப்பை எப்படிப் பிரிக்கப்பட்டது, வெளியே வரும் புகையும் சாம்பலும் கழிவுக் குழம்பும் எங்கே போகின்றன என்பவையே பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே திருகோணமலை வீதியில், செங்கலடியை அடுத்து இருக்கும் வந்தாறுமூலை போன்ற ஊர்களில் இந்தக் கேள்விகளுக்கு இன்னும் கூடுதல் கனம் உண்டு. பங்குடாவெளி, செங்கலடிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் கரையில் மண் மணற்பாங்கானது, நீர்மட்டம் உயர்ந்தது, கிணறுகள் ஆழம் குறைந்தவை. நிலத்தில் கொட்டியது தண்ணீரில் சேர அதிக நாள் எடுப்பதில்லை.

குப்பைக் கூடையில் இருப்பது

இலங்கையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 தொன் திண்மக்கழிவு உருவாவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் பாதியளவே உள்ளூராட்சி மன்றங்களின் வண்டிகளில் ஏறுகிறது. மீதி வளவுகளில் புதைகிறது, எரிகிறது, அல்லது வாய்க்காலிலும் வாவியோரத்திலும் சேர்கிறது. எடைக் கணக்கில் பாதிக்கு மேற்பட்டது அழுகக்கூடிய கழிவு: மிஞ்சிய சோறு, மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, மீன் செதிள், குடல், வாழையிலை, முற்றத்துச் சருகு. வாவிக்கரை வீடுகளில் இவற்றோடு இறால் கோதும் நண்டுக் கோதும் சேரும்.

எஞ்சியதில் கண்ணுக்கு அதிகம் படுவன சொப்பிங் பேக், லன்ச் சீட், யோகட் கப், பிஸ்கட் உறை, சம்பூ பைக்கற்று போன்றவை. எடையில் இவை குறைவு. எரியும்போது வரும் ஆபத்தில் முன்னிற்பவை. இவற்றைவிட அளவில் சிறியவையாக, ஆனால் கையாள்வதற்குக் கடினமானவையாக வேறு சில பொருட்களும் கூடையில் விழுகின்றன. பம்பர்ஸ், நீரிழிவு நோயாளர் வீட்டில் பயன்படுத்தும் இன்சுலின் ஊசி, பழைய மின்கலம், உடைந்த மின்குமிழ், பூச்சிமருந்துப் போத்தல், காலாவதியான மாத்திரை என்பன அவற்றுட் சில. ஊசி குப்பை ஏற்றுபவரின் கையில் குத்தும். பாதரசம் உள்ள குமிழும் கனவுலோகம் கொண்ட மின்கலமும் உலையில் எரிந்தால் உலோகம் புகையில் கலக்கும். கலனில் விழுந்தால் குழம்பில் தங்கும்.

கழிவின் ஈரமும் முக்கியமானது. இந்நாட்டின் வீட்டுக் குப்பையில் எடையின் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் தண்ணீராக இருக்கலாம். வடகீழ் பருவமழைக் காலத்தில், ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை, மூடியில்லாத வண்டியிலும் திறந்த மேட்டிலும் கிடக்கும் குப்பை இன்னும் நனையும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஈரத்துக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் விட்டால்

குப்பையை எரிசக்தியாக்கும் திட்டங்கள் எதனோடு ஒப்பிடப்படுகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். திறந்தவெளிக் குப்பைமேடு என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லை காட்டியது. சதுப்பு நிலத்தின்மேல் ஆண்டுக்கணக்காகக் குவிக்கப்பட்ட மேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்ததில் 32 பேர் இறந்தார்கள். மழைநீர் ஊறி மேடு கனத்தது; அடியில் இருந்த மென்மையான மண் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை.

சரியாத மேடும் நோய் பரப்பும். தகரப் பேணியிலும் சிரட்டையிலும் யோகட் கப்பிலும் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானதற்குக் குப்பை முகாமைத்துவத்தின் சீர்கேடும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. எலி பெருகினால் எலிக்காய்ச்சல் வரும். வயலில் இறங்கி வேலை செய்வோரை அது அதிகம் தாக்கும். மேட்டின் அடியில் ஊறி வரும் கறுப்பான கசிநீரில் அமோனியா, உலோகங்கள், மலக்கிருமிகள் எல்லாம் இருக்கும். மணல் மண்ணில் அது கிணறு வரை செல்வதற்குத் தடை ஏதுமில்லை.

கிழக்கு மாகாணத்திலேயே இன்னொரு சான்று உண்டு. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் உள்ள திறந்த குப்பைமேட்டில் உணவு தேடி வந்து, பிளாஸ்டிக்கை விழுங்கிய காட்டு யானைகள் எட்டு ஆண்டுகளில் 20 அளவில் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உணவுக் கழிவும் பொலித்தீனும் ஒரே பையில் கட்டிப் போடப்படுவதுதான் அதன் வேர். பிரிக்காத குப்பை எங்கே போனாலும் அதே கலவையாகவே போகிறது.

மட்டக்களப்பு மாநகரத்தின் குப்பை நீண்ட காலம் திருப்பெருந்துறையில் கொட்டப்பட்டது. அந்த மேட்டில் தீப்பற்றிப் புகை குடியிருப்புகளைச் சூழ்ந்ததும் மக்கள் எதிர்த்துக் கிளம்பியதும் மாவட்டம் அறிந்த சேதி. பின்னர் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேசத்தில் உள்ள கொடுவாமடு திண்மக்கழிவு நிலையம் மாவட்டத்தின் குப்பைக்கு முக்கிய இடமாயிற்று. இடம் மாறினாலும், அழுகும் கழிவும் எரியும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கிடக்கும் வரையில், மெதேன் உருவாவதும் கச்சான் காலத்தின் வறண்ட காற்றில் அது தீப்பற்றுவதும் நிகழக்கூடியவையே.

வளவில் மூட்டும் தீ

குப்பையை எரித்துப் பயன் பெறும் மிகப் பழைய முறை வீட்டு வளவிலேயே நடக்கிறது. காலையில் முற்றம் கூட்டிச் சருகோடு பொலித்தீனையும் சேர்த்துக் கொளுத்துவார்கள். மாரியில் விறகு நனைந்திருந்தால் சொப்பிங் பேக்கைச் சுருட்டி அடுப்பு மூட்டுவார்கள். சிறிய தீ என்பதால் இதில் ஆபத்து குறைவு என்ற எண்ணம் உண்டு. அளவுகோல் வைத்துப் பார்த்தால் நிலைமை நேர்மாறானது.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையத்தின் ஆய்வாளர்கள் பீப்பாயில் வீட்டுக் குப்பையை எரித்துச் சோதித்தார்கள். நாளாந்தக் குப்பையை அப்படி எரிக்கும் 2 முதல் 40 வரையான வீடுகள் வெளிவிடும் டயொக்சின் என்னும் நஞ்சு, நாளொன்றுக்கு 182 தொன் குப்பையை எரிக்கும், புகை வடிகட்டும் வசதி கொண்ட ஒரு நகர ஆலை வெளிவிடுவதற்குச் சமமாக இருக்கக்கூடும் என்பது அவர்களின் முடிவு. காரணம் எளிது. வளவுத் தீயில் வெப்பம் போதாது. ஒட்சிசன் சீராகக் கிடைக்காது. புகை மனிதர் மூச்சுவிடும் உயரத்திலேயே பரவும். குழாய்த் துண்டு, மின்கம்பி உறை, செயற்கைத் தோல் போன்ற குளோரின் கொண்ட பிளாஸ்டிக் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். நுண்துகளும் காபனோரொட்சைட்டும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் முதலில் தாக்கும்.

பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது இலங்கையில் 2017 செப்டெம்பர் முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. அதே காலத்தில் லன்ச் சீட்டுக்கும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனுக்கும் தடை வந்தது. வண்டி ஒழுங்காக வராத ஒழுங்கைகளில் தடை ஏட்டில் நிற்கிறது. குப்பை நெருப்பில் போகிறது.

உலை பாதுகாப்பாக எரிய வேண்டுமானால்

1874இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் நகரக் குப்பைக்கான முதல் எரிஉலை இயங்கத் தொடங்கியது. பின்வந்த நூறு ஆண்டுகளில் இத்தகைய உலைகள் பெருகின. புகையின் நஞ்சைப் பற்றிய அறிவு பிந்தியே வந்தது. டயொக்சின்களில் மிகக் கொடியதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் வகைப்படுத்தியது. உடலில் சேர்ந்த டயொக்சின் பாதியாகக் குறைவதற்கு 7 முதல் 11 ஆண்டுகள் எடுக்கும். அது கொழுப்பில் தங்கும், தாய்ப்பாலிலும் கலக்கும்.

நவீன உலையில் நான்கு கட்டுப்பாடுகள் தேவை. புகை குறைந்தது 850 பாகை செல்சியசில் 2 செக்கனாவது இருக்க வேண்டும். அப்போதுதான் நச்சு மூலக்கூறுகள் சிதையும். அதன்பிறகு புகையை வேகமாகக் குளிர்விக்க வேண்டும். 450 முதல் 200 பாகை வரையான இடைவெளியில் மெதுவாகக் குளிர்ந்தால் சிதைந்த டயொக்சின் திரும்பவும் உருவாகும். அமில வாயுக்களைச் சுண்ணாம்பும், பாதரசத்தையும் டயொக்சினையும் கிளர்வுற்ற கரியும் உறிஞ்ச வேண்டும். இறுதியாகத் துணிப்பை வடிகட்டிகள் தூசைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் புகையின் ஒரு கனமீற்றரில் அனுமதிக்கப்படும் டயொக்சின் 0.1 நனோகிராம் மட்டுமே. இந்த ஒழுங்குகள் நடைமுறையானால் பலன் கிடைக்கும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1999இல் தொக்கொரொசாவா நகர எரிஉலைகளைச் சுற்றி விளைந்த காய்கறிகளில் டயொக்சின் என்ற தொலைக்காட்சிச் செய்தி நாட்டையே உலுக்கியது. அந்த ஆண்டே சட்டம் இயற்றப்பட்டது. சிறு உலைகள் மூடப்பட்டன. சில ஆண்டுகளில் வெளியேற்றம் 90 வீதத்துக்கும் மேல் குறைந்தது.

கட்டுப்பாடுகளில் ஒன்று தளர்ந்தாலும் அயலில் இருப்போர் அதை உணர்வார்கள். டெல்லி ஓக்லாவில் குடியிருப்புகளுக்கு நடுவே 2012இல் இயங்கத் தொடங்கிய 16 மெகாவாட் ஆலைக்கு எதிராக மக்கள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஆலைக்கு 25 லட்சம் இந்திய ரூபாய் இழப்பீடு விதித்தது.

புகையைப் பிடித்தால் வேலை முடிந்துவிடாது. எரித்த குப்பையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தொடக்கம் நான்கில் ஒரு பங்கு வரை அடிச்சாம்பலாக எஞ்சும். வடிகட்டியில் சேரும் மென்சாம்பல் சில வீதமே; ஆனால் புகையிலிருந்து பிடித்த ஈயம், கட்மியம், டயொக்சின் எல்லாம் அதில்தான் செறிந்திருக்கும். புகை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நஞ்சு அந்தச் சாம்பலில். அதை ஆபத்தான கழிவாகக் கருதி, சீமெந்தோடு கட்டிறுக்கி, அடியில் தடுப்புப் படலம் போட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும்.

வாவிக்கரையில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. மனித உடலுக்குள் போகும் டயொக்சினில் 90 வீதத்துக்கும் மேல் மூச்சின் வழியாக அல்லாமல் உணவின் வழியாகவே போகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இறைச்சி, பால், மீன், சிப்பி, நண்டு ஆகியவையே அந்த வழி. வாவியின் சேற்றில் படிந்த நஞ்சு அடிமட்டப் பூச்சி புழுக்களில் ஏறி, அவற்றைத் தின்னும் இறாலிலும் மீனிலும் செறியும். மணலை மீனும் இறாலும் நண்டும் அன்றாடக் கறியாக உள்ள ஊர்களில், புகைபோக்கியிலிருந்து தட்டு வரையான தூரம் மிகக் குறுகியது. பட்டிமாடு மேயும் புல்லில் படியும் நஞ்சும் அதே வழியில் சேரும்.

மட்டக்களப்பின் கணக்கு

உடல்நலத்துக்கு அப்பால், உலை எரிவதற்கே சில நிபந்தனைகள் உள்ளன. உலக வங்கி 1999இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, குப்பையின் வெப்பமதிப்பு சராசரியாகக் கிலோவுக்கு 7 மெகாயூல் இருக்க வேண்டும். எந்தப் பருவத்திலும் 6க்குக் கீழே போகக்கூடாது. ஆண்டுக்கு 50,000 தொன்னாவது கிடைக்க வேண்டும்.

65 வீதம் ஈரமுள்ள ஒரு தொன் குப்பையை எடுத்துக்கொண்டால், அதில் 650 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 1,600 மெகாயூல் வேண்டும். எஞ்சிய 350 கிலோ உலர்பொருள் கிலோவுக்கு 16 மெகாயூல் தருவதாக வைத்தால் 5,600 மெகாயூல் வரும். தேறுவது கிலோவுக்கு 4 மெகாயூல். அந்தக் குப்பை தானாக எரியாது. டீசல் ஊற்ற வேண்டும், அல்லது வெப்பம் 850 பாகைக்குக் கீழே இறங்கி டயொக்சின் கூடும். டெல்லி திமார்பூரில் 1987இல் கட்டிய உலை மூன்று வாரங்களில் நின்றதற்கு இதே குறைவுதான் காரணம். பெரிய ஆலைகளில் குப்பையைச் சில நாட்கள் ஆழமான தொட்டியில் கிடத்தி நீரை வடியவிட்டுப் பின் எரிப்பதும் இதனால்தான். வடியும் அந்தக் கசிநீரைச் சுத்திகரிப்பது இன்னொரு செலவு.

அளவையும் பார்க்கலாம். 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் 5.25 லட்சம் அளவில் மக்கள் இருந்தார்கள். ஆளுக்கு 400 கிராம் என்றால் நாளொன்றுக்கு 210 தொன். நாட்டின் சராசரிப்படி பாதியே வண்டியில் ஏறினால் 105 தொன். ஆண்டுக்கு ஏறத்தாழ 38,000 தொன்தான். அதில் பெரும்பகுதி ஈரக் கழிவு. மாவட்டம் முழுவதையும் ஒரே உலைக்குக் கொண்டுவந்தாலும் அந்த நிபந்தனை நிறைவேறுவது கடினம். சிறிய உலைகள் கட்டினால் புகை வடிகட்டிக்குச் செலவழிக்கப் பணம் வராது; பாதுகாப்பே முதலில் வெட்டப்படும். ஆகவே வாவிக்கரையில் நெருப்பைவிட அழுகலே கழிவின் இயல்புக்குப் பொருந்துகிறது.

உயிர்வாயு: தருவது எவ்வளவு?

காற்றில்லாத கலனில் நுண்ணுயிர்கள் உணவுக் கழிவை முதலில் அமிலங்களாகவும் பின்னர் மெதேனாகவும் மாற்றுகின்றன. வரும் வாயுவில் 50 முதல் 70 வீதம் வரை மெதேன். பெரும்பகுதி மீதி காபனீரொட்சைட்டு. இந்த நுண்ணுயிர்கள் 30 முதல் 37 பாகை வெப்பத்தை விரும்பும். மட்டக்களப்பின் காலநிலையில் கலனைச் சூடாக்க எரிபொருள் வேண்டாம். குளிர்நாடுகளுக்கு இல்லாத வாய்ப்பு இது.

ஒரு தொன் உணவுக் கழிவு ஏறத்தாழ 100 கனமீற்றர் உயிர்வாயு தரும். அதைக்கொண்டு மின்பிறப்பாக்கியை இயக்கினால் 200 அலகு மின்சாரம் கிடைக்கும். அப்படியே அடுப்பில் எரித்தால் 45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு, அதாவது 12.5 கிலோ சிலிண்டர் மூன்றரைக்குச் சமம். சிறிய அளவில் மின்சாரத்தைவிடச் சமையலுக்கே இது இலாபம். ஒரு வீட்டின் 2 கிலோ சமையலறைக் கழிவு மட்டும் அரை மணித்தியாலச் சுவாலைக்கு மேல் தராது. குடும்பம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கனமீற்றர் வேண்டும். இரண்டு மூன்று மாடு உள்ள வீட்டில் சாணத்தையும் சேர்த்தால் அந்த அளவு எட்டும். கலனை முதலில் உயிர்ப்பிக்கவும் சாணம்தான் தேவை.

தனி வீடுகளைவிட, ஒரே வகைக் கழிவு ஒரே இடத்தில் நாள்தோறும் சேரும் இடங்களே இதற்கு ஏற்றவை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. விடுதிகளும் சிற்றுண்டிச்சாலைகளும் உள்ள வளாகம், ஏறாவூர், செங்கலடிச் சந்தைகள், வைத்தியசாலைச் சமையலறை ஆகியவற்றின் கழிவு வீட்டுக் குப்பையைவிடச் சுத்தமானது, பிரிப்பது எளிது, எரிவாயுவைப் பயன்படுத்தும் அடுப்பும் பக்கத்திலேயே உண்டு. சென்னை கோயம்பேட்டுச் சந்தையில் நாளொன்றுக்கு 30 தொன் காய்கறிக் கழிவுக்காகக் கட்டப்பட்ட உயிர்வாயு ஆலை இதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

கலனின் ஆபத்துகள்

உயிர்வாயு சாதுவானது என்ற நம்பிக்கை ஆபத்தானது. காற்றில் மெதேன் 5 முதல் 15 வீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். சிலிண்டர் எரிவாயு கனத்து நிலத்தில் தவழும், மெதேன் மேலெழும். ஆனால் காபனீரொட்சைட்டும் கலந்த உயிர்வாயு ஏறத்தாழக் காற்றளவே கனமானது. அதனால் மூடிய அறையில் கசிந்தால் அது விரைவாகக் கலையாது. 2021 இறுதியில் சமையல் எரிவாயுச் சிலிண்டர்களோடு தொடர்பான வெடிப்புகள் நாடெங்கும் பயத்தை ஏற்படுத்தின. கலன் உள்ள வீட்டிலும் அதே எச்சரிக்கை வேண்டும். செய்ய வேண்டியவை தெளிவானவை: அடுப்பறைக்குக் காற்றோட்டம், சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்த்தல், குழாயில் தீத்தடுப்பான், தேங்கும் நீரை வடிக்கும் இணைப்பு, உயிர்வாயுவுக்கென்று துளை பெருப்பித்த அடுப்பு. சிலிண்டர் அடுப்பை அப்படியே பொருத்தினால் சுவாலை அணைந்து வாயு வெளியேறும்.

வெடிப்பைவிட அதிக உயிர்களைக் குடிப்பது ஐதரசன் சல்பைட்டு. கழிவில் உள்ள புரதத்தின் கந்தகத்திலிருந்து அது உருவாகும். அழுகிய முட்டை நாற்றம் குறைந்த அளவில் தெரியும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துவிடும். 500க்கு மேல் போனால் சில நிமிடங்களில் மயக்கம், பின்னர் மரணம். நாற்றம் நின்றது பாதுகாப்பின் அடையாளம் ஆகாது. கரையோரத்தில் இந்த வாயு கூடுதலாக வர இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மீன் கழிவு. மற்றது உவர்நீர். வாவியோரக் கிணற்று நீரில் சல்பேற்று அதிகமாக இருந்தால், அந்த நீரால் கழிவைக் கரைத்து ஊற்றும் கலனில் சல்பேற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி மெதேனைக் குறைத்து ஐதரசன் சல்பைட்டைக் கூட்டும். நன்னீர் பயன்படுத்துவதும், மீன் கழிவை அளவோடு சேர்ப்பதும், இரும்புத்துரு நிரப்பிய வடிகட்டியில் வாயுவைச் செலுத்துவதும் தீர்வுகள்.

கலனைத் துப்பரவு செய்ய இறங்குவதே மிக ஆபத்தான நேரம். ஒருவர் மயங்கி விழ, மீட்க இறங்கியவர்களும் அடுத்தடுத்து இறப்பது மூடிய தொட்டி விபத்துகளின் பொதுவான போக்கு. 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டியவில் இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் அமோனியாத் தொட்டியில் ஐந்து பேர் இறந்ததும் அப்படியே. முழுவதும் வெறுமையாக்கி, காற்றூதி, வாயுமானியால் சோதித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்காமல் யாரும் இறங்கக்கூடாது. மீட்பதாயினும் கயிற்றால் இழுக்க வேண்டும், பின்னால் இறங்கக்கூடாது.

வெளிவரும் குழம்பு நல்ல பசளை. 35 பாகையில் 30, 40 நாள் கிடந்த குழம்பில் சல்மொனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகள் வெகுவாகக் குறைந்திருக்கும். வட்டப்புழு முட்டை தப்பிப் பிழைக்கும். 70 பாகையில் ஒரு மணித்தியாலம் சூடாக்குவது ஐரோப்பிய விதி. கிராமத்துக்கு எளிய வழி, குழம்பைச் சருகோடு கலந்து கூட்டெருவாக்கி, உள்வெப்பம் 55 பாகையைத் தாண்டிப் பல நாள் நிற்கவிடுவது. நேரடியாக இடுவதானால் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரைக்கு இடக்கூடாது. மனிதக் கழிவோ பம்பர்ஸோ அந்தக் கலனுக்குள் போகக்கூடாது.

மழைக்காலம் இன்னொரு சோதனை. நிலத்தடி நீர் உயரும்போது வெறுமையான நிலக்கீழ்க் கலன் மண்ணைப் பிளந்து மேலெழும்பலாம். வெள்ளம் புகுந்தால் குழம்பு கிணற்றில் கலக்கும். மலக்குழிக்குச் சொல்லப்படும் 50 அடி தூரத்தைக் கிணற்றிலிருந்து விட்டு, வெள்ளமட்டத்துக்கு மேல் வாய் உயர்த்தி, மூடி போட்டுக் கட்டுவதே முறை. மூடாத தொட்டியில் நுளம்பு பெருகும்.

கையாள்பவர்களின் பாதுகாப்பு

இரண்டு வழிகளுக்கும் முன்னால் குப்பையைத் தொடுபவர் பிரதேச சபையின் துப்பரவுத் தொழிலாளி. ஊசிக் குத்து, கண்ணாடி வெட்டு, தூசு, முதுகுப் பாரம், உழவு இயந்திரத்தின் பின்னால் தொங்கிப் போகும்போது வரும் விபத்து எல்லாம் அவர் பங்கு. தடித்த கையுறை, பூட்ஸ், முகக்கவசம், கை கழுவ நீர், ஏற்புவலி மற்றும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி ஆகியவை அடிப்படைத் தேவைகள். வீட்டு ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் அடைத்துத் தனியாகக் கொடுப்பது அவரைக் காக்கும் மிக மலிவான வழி. பிரிப்பு நிலையத்தில் லிதியம் மின்கலம் நசுங்கினால் தீப்பற்றும். அதையும் தனியே வாங்க வேண்டும்.

சட்டமும் கண்காணிப்பும்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, ஊரின் குப்பையை அகற்றும் கடமை பிரதேச சபைக்கு. வந்தாறுமூலைக்கு அது ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தையும், பெரிய கழிவகற்றல் நிலையங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டையும் வேண்டுகிறது. அந்த மதிப்பீடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஊரவர் கருத்துச் சொல்லலாம். புகைபோக்கியில் தூசும் அமில வாயுக்களும் இடையறாது அளக்கப்படுகின்றனவா, டயொக்சின் ஆண்டுக்கு எத்தனை முறை சோதிக்கப்படுகிறது, மென்சாம்பல் எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இல்லாத எரிஉலைத் திட்டத்தை ஏற்க முடியாது. உயிர்வாயுக் கலனுக்குக் கேட்க வேண்டியவை: துப்பரவு செய்யப்போவது யார், அவரிடம் வாயுமானி உண்டா, குழம்பு எந்த நிலத்துக்கு, கிணறு எவ்வளவு தூரம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் அயல் கிணறுகளைத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் சோதித்து வைத்தால்தான் பாதிப்பு வந்தால் நிரூபிக்க முடியும்.

வாவிக்கரைக்கான வரிசை

பாதுகாப்பின் அடிப்படையில் வழிகளை வரிசைப்படுத்தினால் முதலில் வருவது வீட்டிலேயே பிரிப்பு: அழுகுவது பச்சை, பிளாஸ்டிக் செம்மஞ்சள், கடதாசி நீலம், கண்ணாடி சிவப்பு, உலோகம் மண்ணிறம் என்ற தேசிய நிறமுறை ஏற்கெனவே உண்டு. பிரித்த ஈரக் கழிவு பல்கலைக்கழகம், சந்தை, வைத்தியசாலை ஆகிய இடங்களில் உயிர்வாயுவுக்கு; மாடுள்ள வீடுகளில் சாணத்தோடு கலனுக்கு; மற்ற வீடுகளில் கூட்டெருவுக்கு. விற்கக்கூடிய பிளாஸ்டிக்கும் உலோகமும் கழிவுப்பொருள் வியாபாரியிடம். விற்க முடியாத உலர்ந்த பிளாஸ்டிக்கைக் கட்டுக்கட்டாக அழுத்தி, 1,400 பாகைக்கு மேல் எரியும் புத்தளம் சீமெந்துச் சூளை போன்ற இடத்துக்கு அனுப்பலாம். புதிய உலை கட்டாமலே அதன் வெப்பம் பயனாகும். ஊசி, மின்கலம், மின்குமிழ், பூச்சிமருந்துப் போத்தல் ஆகியவற்றுக்குத் தனிச் சேகரிப்பு.

இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது பழைய அளவில் சிறு பங்காக, பெரும்பாலும் உலர்ந்ததாக இருக்கும். அது மெதேன் குறைவாகத் தரும், யானையை அழைக்காது, கசிநீரும் குறைவு. அடியில் தடுப்புப் படலமும் கசிநீர்ச் சுத்திகரிப்பும் நாளாந்த மண்மூடலும் உள்ள நிலநிரப்பிடம் ஒன்றால் அந்த மிச்சத்தைப் பல ஆண்டுகள் தாங்க முடியும்.